பாலம் கற்றுக்கொண்டது

கோகிலவாணியின் கால்கள் முதன்முதலாக நின்றுபோனது, அவள் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அவள் செக்கிங் சூப்பர்வைசர். தைத்து வரும் சட்டைகளில் பிசிறு, ஓட்டை, கறை இருக்கிறதா என்று பன்னிரண்டு மேசைகளில் பெண்கள் பார்ப்பார்கள். அவர்கள் பார்த்ததை அவள் மேசை மேசையாக நடந்து மறுபடி பார்க்க வேண்டும். அன்று மூன்றாம் மேசைத் தங்கமணி, சட்டையில் குறை கண்டுபிடிக்கப் புதிதாக வந்திருந்த கேமரா எந்திரத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“வாணியக்கா, சங்கதி தெரியுமா? நேத்து மேனேஜரு அந்தக் கேமராவுக்கு முன்னாடி குனிஞ்சு எதையோ எடுத்திருக்காரு. அவரு சட்டையப் பாத்துட்டு அது ரிஜெக்ட்டுன்னு சிவப்பு லைட்டப் போட்டுருச்சு. அவரு நிமுந்துட்டாரு. அப்பவும் அணையலீங்க்கா. மொகத்தையும் சேத்துப் பாத்திருக்குமாட்ட.”

கோகிலவாணிக்குக் கண்ணில் நீர் வரும்வரை சிரிப்பு வந்தது. சிரித்தபடியே நான்காம் மேசைக்குத் திரும்பினாள். வலது கால் வரவில்லை. இடது காலும் வரவில்லை.

வராத கால்கள் அவளுக்குப் புதிதல்ல. அறுவைச் சிகிச்சைக்கு முன் மூன்று வருடம் சக்கர நாற்காலியில் இருந்தவள். அப்போதெல்லாம் கால்கள் ஈர மணல் மூட்டை போலக் கனத்து, எங்கோ தொலைவில் கிடக்கும். இது வேறு. கால்கள் இங்கேயேதான் இருந்தன. சூடாக, வலுவாக, அவளைத் தாங்கிக்கொண்டு நின்றன. எதற்கோ காத்திருந்தன.

பின்னால் யாரோ தள்ளிவந்த டிராலி சரிந்து, இரும்புச் சட்டம் தரையில் மோதி டமாரென்றது. கோகிலவாணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கணமே கால்கள் கிளம்பின. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு அடி. மேசை விளிம்பில் இடுப்பு இடித்த பிறகுதான் நின்றன.

“என்னுங்க்கா, அவ்வளவு அவசரம்?” என்று தங்கமணி கேட்டாள்.

கோகிலவாணி இடுப்பைத் தேய்த்துக்கொண்டாள். அந்த நான்கு அடிகளில் ஒன்றைக்கூட அவள் வைக்கவில்லை.

*

முப்பத்து நாலாம் வயதில் ஒரு கண் மங்கியதில் அவளுடைய நோய் ஆரம்பித்தது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று டாக்டர் சொன்ன பெயர் வீட்டில் யாருக்கும் வாயில் நுழையவில்லை. அவள் கணவர் ரத்தினமூர்த்தி மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றும் ரீவைண்டிங் கடை வைத்திருப்பவர். டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு, “மோட்டார் காயில்ல வார்னிஷ் உரிஞ்சு போற மாதிரிங்களா? கம்பி நல்லாத்தான் இருக்கும். மேல இருக்கற பூச்சு போயிட்டா கரண்டு கண்ட பக்கம் போயிரும்” என்றார். அதைவிடத் தெளிவாகத் தன்னாலும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். நரம்பில் அப்படி உரிந்த இடங்களில் தழும்பு விழுந்தது. கழுத்துக்குக் கீழே முதுகுத்தண்டில் விழுந்த தழும்பு அவளை நாற்காலியில் உட்கார வைத்தது.

பிறகு கோயம்புத்தூரில் அந்த அறுவைச் சிகிச்சை வந்தது. தழும்புக்கு மேலே அரிசி அளவில் ஒரு சில்லு, கீழே ஒன்று, நடுவே முடியை விட மெல்லிய கம்பி. மூளையிலிருந்து வரும் செய்தியை மேலே பிடித்துத் தழும்பைத் தாண்டிக் கீழே கொடுக்கும். மருத்துவமனையில் அதற்கு நீளமான பெயர் இருந்தது. எல்லோரும் பாலம் என்றார்கள்.

பாலம் வைத்து நாற்பது நாளில் அவள் நடந்தாள். எட்டு மாதம் நடந்தாள், வேலைக்குத் திரும்பினாள். இப்போது, சிரித்த நேரத்தில், நின்றாள்.

ஒன்பது நாள் யாரிடமும் சொல்லாமல் தன்னையே கவனித்தாள். மகள் ஆதிரைக்குத் தலை பின்னிவிட்டு, அவள் சொன்ன பள்ளிக்கூடக் கதையில் மனம் லேசாகி எழுந்தால் கால் வராது. வாசலில் நாய் குரைத்தால் வரும். வெயிலில் காய்ந்த துணியின் வாசனையில் நின்றுவிடும். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் கிளம்பிவிடும். பத்தாம் நாள் கணவரிடம் சொன்னாள். மறுநாள் காலையிலேயே இருவரும் கோயம்புத்தூர் போனார்கள்.

பாலத்தைப் பழக்கும் பிரிவில் இருந்தவள் சலீமா. சின்னப் பெண்தான். ஆனால் அங்கே பாலம் வைத்துக்கொண்ட அத்தனை பேரின் நடையும் அவளுக்கு அத்துப்படி. கோகிலவாணியைக் கம்பிகளுக்கு நடுவே நிறுத்தித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று பக்கத்திலிருந்த எவர்சில்வர் தட்டைத் தரையில் போட்டாள். கோகிலவாணி இரண்டு அடி நடந்தாள்.

சலீமா தட்டை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள்.

“நாப்பது நாள் பழக்கம் வீட்டுல பண்ணினீங்கல்ல. அப்ப யாராவது பேசினாங்களாக்கா?”

“இல்லீங்க” என்றார் ரத்தினமூர்த்தி.

கோகிலவாணி அவரைப் பார்த்தாள். மருத்துவமனை கொடுத்த தாளை அவரேதான் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். நடக்கும்போது பேசாதீர்கள், தொடாதீர்கள், தனியாக விடுங்கள் என்று மூன்றே வரி. ஒட்டிய அன்று மாலையே சொந்தக்காரர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு வந்துவிட்டார்கள். மூன்று வருடம் கழித்து நடக்கிறவளைப் பார்க்காமல் எப்படிப் போவார்கள்? சின்னம்மா, அத்தை, எதிர்வீட்டு அக்கா எல்லோரும் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்தார்கள். அவள் கால் தூக்கும்போதெல்லாம் ஒரே குரலாக, “பாத்து! பாத்து சாமி! ஐயோ, விழுந்தரப் போற!” என்றார்கள். அவர்கள் போன பிறகும் ஒரு குரல் போகவில்லை. முதுகுக்குப் பின்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, ஒவ்வோர் அடிக்கும், “பாத்து புள்ள... பாத்து...” என்று நாற்பது நாளும் அது கூடவே வந்தது.

“பேசினாங்க” என்றாள் கோகிலவாணி.

சலீமா பெருமூச்சு விட்டாள். “பாலத்துக்கு உங்க மனசு தெரியாதுங்க்கா. நீங்க அடி வைக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி மேலருந்து என்ன வருதுன்னு மட்டும் பாக்கும். நாப்பது நாளும் எது தவறாம முன்னாடி வருதோ, அதுதான் நடக்கச் சொல்றதுன்னு எடுத்துக்கும். நடக்கலாம்ங்கற நெனப்பு ரொம்ப மெல்லிசு. பயம் அப்படியில்ல. பக்கத்துல மேளம் அடிக்கறப்ப புல்லாங்குழல் கேக்குமா?”

“அப்ப...”

“உங்க பாலம் பயத்தைத்தான் கத்துக்கிட்டிருக்கு. ஆரம்பத்துல எப்பவும் விழுந்துருவோம்ங்கற பயத்தோடயே நடந்தீங்க, அதனால தெரியல. இப்ப தைரியம் வந்துருச்சு. அதான் நிக்குது.”

“அழிச்சுட்டு மறுபடி கத்துக்கொடுக்க முடியாதுங்களா?” என்று ரத்தினமூர்த்தி கேட்டார். கடையில் தப்பாகச் சுற்றிய காயிலை அறுத்துப் போட்டுவிட்டு மறுபடி சுற்றுகிறவர்.

“முடியும். நோய் அமைதியா இருக்கணும். ஸ்கேன்ல புதுசாத் தழும்பு இருந்தா அழிக்கக் கூடாது. அப்புறம்...” சலீமா தயங்கினாள். “ரெண்டாவது தடவை எல்லாருக்கும் ஒட்டறதில்ல. பத்துப் பேருல மூணு பேருக்கு மறுபடி வரவே இல்ல. அவங்க நாற்காலிலதான் இருக்காங்க. மறைக்காமச் சொல்லிடறேன்.”

அன்றே ஸ்கேன் எடுத்தார்கள். முடிவு இரண்டு நாளில் போனுக்கு வரும் என்றார்கள். ஃபைலில் எழுதிக் கொடுத்திருந்த நம்பர் ரத்தினமூர்த்தியுடையது. எப்போதும் அவருடையதுதான்.

மூன்றாம் நாள் காலை அவர் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“புதுசா ரெண்டு இருக்குதாம் புள்ள. அழிக்கக் கூடாதுன்னுட்டாங்க.”

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். கால்கள் எட்டு மாதத்தில் இல்லாத அளவுக்கு நன்றாக நடந்தன.

*

அப்படித்தான் பயத்தில் நடக்கப் பழகினாள்.

முதலில் சின்னப் பயங்கள் போதுமாக இருந்தன. பின்னால் நாய் வருகிறது, தரை வழுக்குகிறது, அடுப்பில் பால் பொங்குகிறது என்று நினைத்துக்கொள்வாள். ஆனால் திரும்பத் திரும்பத் துவைத்த சாயத்துணி போலப் பயமும் வெளுத்தது. நாய் இரண்டு வாரத்தில் தீர்ந்துபோனது. விழுந்து இடுப்பு ஒடிவது ஒரு மாதம் வந்தது. புதிய தழும்புகள் நல்ல பயம். மனதுக்குள் அவற்றுக்கு இடம் குறித்து, அளவு குறித்து, அவை வளர்வதைப் பார்த்துக்கொண்டே பஸ் ஏறினாள். அதுவும் வெளுக்கத் தொடங்கியபோது, மூன்று மாதம் கழித்துத் திருப்பூரிலேயே எடுத்த அடுத்த ஸ்கேனைப் பற்றி ரத்தினமூர்த்தி சொன்னார்: “இன்னொண்ணு வந்திருக்குதாம்.”

அதுவும் தீர்ந்த ஒரு காலையில், எழுந்து குளியலறைக்குப் போக வழியின்றிக் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போது அவள் தேடாமலே ஒன்று வந்தது. பல்லடம் ரோடு. ஒரு லாரி நிற்கிறது. கூட்டம். தார்மேல் ஆதிரையின் ஒற்றைச் செருப்பு.

கால்கள் ஓடின.

அது வெளுக்கவே இல்லை. தினமும் காலையில் ஒரு முறை, கம்பெனிக்குக் கிளம்பும்போது ஒரு முறை, பன்னிரண்டு மேசைகளுக்குப் பன்னிரண்டு முறை. செருப்பின் வாரில் அறுந்த தையல்வரை அவளுக்குத் தெரியும். மாலையில் ஆதிரை இரண்டு செருப்போடும் வீட்டுக்குள் வரும்போது கோகிலவாணியால் அவள் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. பிள்ளையைக் கொன்றுகொன்று நடக்கிறவள் எந்த முகத்தோடு அவளுக்குத் தோசை ஊற்றுவாள்?

“ஏம்மா என்னை இப்படிப் பாக்கறே?” என்று ஒருநாள் ஆதிரை கேட்டாள். பதினைந்து வயது, எதையும் உள்ளே வைத்துக்கொள்ளத் தெரியாது. “நீ நடந்து வர்றப்ப, எழவு வீட்டுக்குப் போற மாதிரியே வர்ற. உக்காந்திருந்தப்ப நல்லாத்தானே இருந்தே. அப்பெல்லாம் எங்கூடச் சீட்டு வெளையாடித் தோத்துட்டு ஏமாத்துவே. ஞாபகம் இருக்குதா?”

“உன்ற அம்மா எப்பவும் தோத்ததில்ல. போய்ப் படி.”

“பாரு, இப்பவும் ஏமாத்தறே.”

கோகிலவாணிக்குச் சிரிப்பு வந்தது. உடனே அதை அடக்கினாள். அடுப்புவரை இன்னும் நாலு அடி பாக்கி இருந்தது.

*

பாலத்தின் பேட்டரியைச் சோதிக்கக் கோயம்புத்தூர் போக வேண்டிய நாளில் ரத்தினமூர்த்திக்குக் காய்ச்சல். வேறு நாள் போகலாம் என்றார். தான் மட்டும் போய்வருவதாக அவள் சொன்னபோது அவர் எழுந்து உட்கார்ந்தார். வேண்டாம் என்று மூன்று தடவை சொன்னார். ரயிலில் கூட்டமாயிருக்கும், யாராவது தள்ளிவிடுவார்கள் என்றார். அந்தப் பயத்தை வாங்கிக்கொண்டே அவள் ரயில் ஏறினாள்.

மருத்துவமனையின் நீண்ட நடைக்கூடத்தில் எதிரே சலீமா வந்தாள்.

“அக்கா! தனியாவா வந்தீங்க? எத்தனை மாசமாச்சு உங்களைப் பாத்து! எப்பத்தான் அழிச்சுக்க மனசு வரும் உங்களுக்கு?”

“எப்படி அழிக்கறது? அதான் தழும்பு இருக்குதேம்மா.”

“எந்தத் தழும்பு?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சலீமா கையிலிருந்த திரையைத் தட்டினாள், தேடினாள், அவள் பக்கம் திருப்பினாள்.

“ஏப்ரல்ல ஒண்ணும் இல்ல. ஜூலைல ஒண்ணும் இல்ல. அக்டோபர்ல எடுத்ததுலயும் புதுசா ஒண்ணுமே இல்லக்கா. உங்க நோய் நல்லாத் தூங்குது. நீங்கதான் அழிக்க வேண்டாம்னு சொல்லிட்டதா வீட்டுக்காரர் மெசேஜ் போட்டாரு. நானும் நோயாளி இஷ்டம்னு விட்டுட்டேன்.”

முதலில் கோகிலவாணிக்குக் கோபம் வரவில்லை. தழும்பு இல்லை என்ற சொல் மட்டும் உச்சந்தலையிலிருந்து வெந்நீர் போல இறங்கியது. தோள் தளர்ந்தது. மாதக்கணக்கில் இறுகக் கடித்திருந்த பற்கள் விலகின. நடைக்கூடத்தின் நடுவில் அவள் கால்கள் இரண்டும் அசையாமல் நின்றன. எவ்வளவு நாளாயிற்று இப்படி நின்று! ஒரு ஸ்ட்ரெச்சர் அவளைச் சுற்றிக்கொண்டு போனது. அவள் அழுதாள், அப்படியே சிரித்தாள்.

“நாற்காலி கொண்டாரட்டுமாக்கா?”

“இரும்மா. கொஞ்சம் நின்னுக்கறேன்.”

அப்போதுதான் அவள் நினைவில் கணவர் வந்தார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, காலையில், கட்டில் ஓரத்தில் வந்து உட்காரும் அந்த முகம். வாயைத் திறப்பதற்கு முன் தொண்டையைச் செருமுவது. அவர் எழுந்து போன பிறகு மெத்தையில் இருக்கும் பள்ளம்.

அவள் கால்கள் நடந்தன.

மெதுவாக, சீராக, வாசலை நோக்கி எட்டு அடி. அவளுக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது. இத்தனை வருடம் ஒரே பாயில் படுத்த மனிதரை நினைத்தாலே இப்போது தனக்கு நடக்க வருகிறது.

சுவரைப் பிடித்து நின்று, சலீமாவைக் கூப்பிட்டாள். “அழிச்சுருங்க. அந்த ஃபைலையும் எடுங்க. அதுல என்ற நம்பர் எழுதணும்.”

*

அன்று மாலை அவள் கேட்டபோது ரத்தினமூர்த்தி மறுக்கவில்லை. காய்ச்சல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

“பத்துல மூணு பேருன்னு அந்தப் புள்ள சொன்னுச்சல்ல” என்றார். “நீ மீதி ஏழப் பாத்தே. எனக்கு அந்த மூணுதான் தெரிஞ்சது. நீ நடக்கறத ஒருக்காப் பாத்துட்டேன் புள்ள. மறுபடி நாற்காலில உக்கார வெச்சுப் பாக்க எனக்குத் தைரியமில்ல.”

“அதுக்கு?”

“முதல் ரிப்போர்ட்டுக்கு ஒரே ஒரு பொய்னு நெனச்சேன். அன்னிக்கு நீ எந்திரிச்சு நடந்தே பாரு, அப்படி ஒரு நடை... அப்புறம் உன்ற நடை தளர்றப்பெல்லாம்...” அவர் முடிக்கவில்லை. “உன்னை நடக்க வெக்கத்தான் செஞ்சேன். வேற எதுக்கும் இல்ல.”

அது உண்மை என்று அவளுக்குத் தெரியும். அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. கெட்ட எண்ணம் ஒரு துளி இருந்தால்கூட அவளால் திட்டியிருக்க முடியும்.

“நாற்காலில இருந்தப்ப நான் சிரிச்சுட்டு இருந்தனுங்க” என்றாள். “இப்ப நான் பாத்ரூமுக்குப் போறதுக்கு என்ன பண்றேன் தெரியுமா? என்ற புள்ள ரோட்டுல செத்துக் கெடக்கறதப் பாக்கறேன். தெனமும். எத்தனை தடவைன்னு எனக்கே தெரியாது. அப்படித்தான் உங்க பொண்டாட்டி நடக்கறா. நல்லா நடக்கறாளா?”

ரத்தினமூர்த்தி கம்பளியை முகத்தின்மேல் இழுத்துக்கொண்டார். உள்ளே அழுகிற சத்தம் கேட்டது.

*

அழிப்பதற்கு இருபது நிமிடம்கூட ஆகவில்லை. வீட்டுக்கு அவள் சக்கர நாற்காலியில் வந்தாள்.

இந்த முறை ஃபிரிட்ஜில் தாள் ஒட்டவில்லை. ஆதிரை வாசலிலேயே ஓர் அட்டையில் பெரிதாக எழுதி மாட்டினாள்: ‘யாரும் பார்க்க வர வேண்டாம். ஆரஞ்சுப் பழம் எங்களிடம் உள்ளது.’ சின்னம்மா இதைப் படித்துவிட்டுத் தெருவிலேயே நின்று சண்டை போட்டுவிட்டுப் போனாள்.

உள்ளறையைக் காலி செய்து இரண்டு கம்பிகளைப் பொருத்தினார் ரத்தினமூர்த்தி. பழக்கும் நேரத்தில் யாரும் உள்ளே வரக்கூடாது. நாளுக்கு ஆறு முறை அவள் கம்பியைப் பிடித்து எழுந்து நிற்பாள். ஜன்னல்வரை போகலாம் என்று நினைப்பாள். வேறு எதையும் நினைக்கக்கூடாது.

சொல்வதற்கு எளிது. ஐந்தாம் நாள் எதுவும் நடக்கவில்லை. பதினைந்தாம் நாளும் நடக்கவில்லை. அந்த மூன்று பேரில் ஒருத்தியோ என்று நெஞ்சு படபடக்கும். படபடத்தால் உடனே உட்கார்ந்துவிட வேண்டும். இந்தப் பயத்தோடு ஓர் அடி வைத்துவிட்டால் பாலம் மறுபடி அதையே கற்றுக்கொண்டுவிடும். நடக்க முடியாமலே போய்விடுமோ என்று பயப்படாதவளுக்குத்தான் நடக்க வரும். பயப்படக்கூடாது என்று நினைக்கும்போதெல்லாம் அதுவே பயமாக இருந்தது. பாதி நேரம் எழுவதும் உட்காருவதுமாகவே போனது. இருபத்தைந்தாம் நாள் அவள் எழவே இல்லை. நாற்காலியில் இருந்தபடி ஆதிரையோடு சீட்டு விளையாடினாள். இரண்டு ஆட்டம் ஏமாற்றி ஜெயித்தாள்.

முப்பத்து மூன்றாம் நாள், காலை வெயில் ஜன்னலில் இருந்தது. கம்பியைப் பிடித்து எழுந்தாள். ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டு மாடிக் கொடியில் யாரோ மஞ்சள் துணி ஒன்றைக் காயப்போட்டிருந்தார்கள். அது புடவையா, மேசை விரிப்பா என்று தெரியவில்லை. கரையில் ஏதோ பூவேலை. கிட்டப் போனால் தெரியும்.

வலது கால் முன்னே போனது.

அவள் மூச்சு விடவில்லை. ஒரே ஓர் அடி. யாரும் கத்தவில்லை, எதுவும் விழவில்லை, ரோட்டில் யாரும் கிடக்கவில்லை. மஞ்சள் துணிக்காக வந்த அடி.

அப்போது ஓரக்கண்ணில் அசைவு. கதவு கையகலம் திறந்திருந்தது. இடுக்கில் ரத்தினமூர்த்தி நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகவோ, எத்தனை நாளாகவோ. கன்னமெல்லாம் நனைந்து, இரண்டு கையும் அவரை அறியாமல் முன்னால் விரிந்திருந்தன. சத்தமே வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

பாத்து.

அவள் நெஞ்சில் ஏதோ ஒன்று துள்ளியது. இடது கால் வந்து விழுந்தது.

இரண்டாவது அடி எதிலிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கோகிலவாணி கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஒரு கையை மட்டும் நீட்டினாள். கதவு எட்டியது. அவர் சிரித்தார், தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்தபடியே அவள் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டாள்.

வெளியே எந்தச் சத்தமும் இல்லை. கண்ணை மூடி, நெஞ்சு அடங்கட்டும் என்று நின்றாள். கால்கள் காத்திருந்தன. அவளும் காத்திருந்தாள்.

பிறகு கண்ணைத் திறந்து, அது புடவையா, மேசை விரிப்பா என்று யோசித்தாள்.